பாலத்துக்குக் கால் வளர்ந்த வருடம்

“...அள்ளினா என்ன தம்பி? ஆத்துக்கு மண்ணுக்கா பஞ்சம்? இண்டைக்கு நாம ஒரு ட்ரெக்டர் பெட்டி அள்ளினா, மாரி வந்ததும் அது ரெண்டு பெட்டி கொண்டாந்து கொட்டும். அதுக்கு வேற என்ன வேல இரிக்கி?” என்று சொல்லிக்கொண்டே வாப்பா மண் அள்ளும் சவளை ஆற்று மண்ணில் குத்தி நிறுத்தினார்.

கேட்டுக்கொண்டு நின்றவர் பாலத்தடி வயல்காரர். காரைதீவு ஆள், இந்து. அவருடைய வயல் ஆற்றோடு ஒட்டிக் கிடந்ததால் நாங்கள் மண் அள்ளப் போகும்போதெல்லாம் வரம்பில் வந்து நின்று கதை கொடுப்பார். வாப்பாவை அவர் காக்கா என்பார், வாப்பா அவரைத் தம்பி என்பார். இருவரில் யார் மூப்பு என்று இருவருக்கும் தெரியாது.

அவர் பாலத்தைத் தாடையால் காட்டினார்.

“நான் ஒண்டும் சொல்லல்ல காக்கா. உங்கட ஊர்க் குமருகள் வளர வளர இந்தப் பாலத்துக்கும் கால் வளருது. அதத்தான் சொன்னன்.”

வாப்பா சிரித்தார். அவரும் சிரித்தார். ட்ரெக்டரின் மட்கார்டில் குந்தியிருந்த நான் சிரிக்கவில்லை. பாலத்தின் காலை உற்றுப் பார்த்தேன். மனிசன் சொன்னது உண்மைதான். போன வருடம் நடுத்தூண் நேரே மண்ணுக்குள் இறங்கிக் கிடந்தது. இந்த வருடம் தூணுக்குக் கீழே ஆள் குந்தலாம் போல அகலமாக ஒரு கட்டு வெளியே வந்திருந்தது. அதற்கும் கீழே சொரசொரவென்று கருங்கல். பாலம் வளர்கிறது. என்னைப் போலவே வளர்கிறது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். ஒருத்தரும் இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கு மேற்கே வயலோடு வயலாகக் கிடக்கும் சின்ன ஊர். சந்தை, ஆஸ்பத்திரி, புடவைக்கடை, கடற்கரை எல்லாம் ஆற்றுக்குக் கிழக்கே கல்முனைப் பக்கம். நடுவில் அந்தப் பழைய பாலம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒன்று பின்னுக்குப் போய்த்தான் வழி விட வேண்டும். எங்கள் ஊரில் பாதிச் சண்டையும் பாதிச் சம்பந்தமும் அந்தப் பாலத்தில் வழி விட்டதாலும் விடாததாலும் வந்தவை என்று உம்மா சொல்வார்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அவர் வந்து இருக்க வீடு வேண்டும். பெண் பிள்ளை தவழத் தொடங்கும்போதே வாப்பாமார் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார்கள். ஒரு வளவுக்குள் எட்டிப் பார்த்தால் மூலையில் ஒரு மண் கும்பி இருக்கும். அந்த வீட்டில் கட்டிக்கொடுக்க ஒரு குமர். இரண்டு கும்பி என்றால் இரண்டு குமர். ஆண் பிள்ளை மட்டும் பெற்றவர்களின் வளவு சுத்தமாக இருக்கும். அவர்களை எல்லோரும் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பார்கள்.

எங்கள் வளவில் இரண்டு கும்பி. ராத்தா என்னைவிட நல்ல மூப்பு. அவளுடைய கும்பி மெல்ல மெல்லச் சுவராக எழும்பிக்கொண்டிருந்தது. மற்றது என்னுடையது. அதன் உச்சியில் ஏறி விரலால் அறை அறையாகக் கீறுவேன். இது குசினி, இது முன் அறை, இது நான் கோபித்துக்கொண்டு போய்ப் படுக்கும் அறை. கோழிகள் வந்து குசினியைக் கிளறும். பூனை முன் அறையில் செய்வதைச் சொல்ல வேண்டியதில்லை. “என்ட ஊட்ட உட்டு எறங்கு!” என்று நான் கோழியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து உம்மா சிரிப்பார். “இவள கட்டப்போறவன் பாவம். இப்பவே கோழிக்கும் இடமில்ல.”

மண் ஆற்றில் எல்லா இடமும் இருந்ததுதான். ஆனால் பாலத்தடியில்தான் ட்ரெக்டர் இறங்கச் சரிவு இருந்தது. தூணைச் சுற்றித் தண்ணீர் சுழன்று சுழன்று கழுவிப் போட்ட மண் அது. சேறு இல்லை, வேர் இல்லை, அரிக்கவும் தேவையில்லை. மேசன்மார் அதைக் கையில் எடுத்துப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும். “சீனி போல மண்” என்பார்கள்.

இப்படி அள்ளுவது சரியில்லை என்று யாருக்கும் தெரியாமல் இல்லை. பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்மார் கூடி, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இனிமேல் பாலத்துக்குக் கிட்ட ஒருத்தரும் மண் அள்ளக் கூடாது. மீறினால் ஊர்க் குற்றம். குமர்க் காரியத்துக்கு மட்டும் விலக்கு.

நல்ல தீர்ப்பு என்று ஊரே பேசியது. வாப்பாவும் அப்படித்தான் சொன்னார். இப்போது நினைத்தால்தான் தெரிகிறது, எங்கள் ஊரில் குமர்க் காரியத்துக்கு அல்லாமல் யார் எதற்கு மண் அள்ளினார்கள்? ஒரு குமரைக் கரைசேர்ப்பது நன்மையான காரியம். அதற்குக் குறுக்கே நிற்பது பாவம். கல் சுமந்து கொடுப்பார்கள், மரம் வெட்டிக் கொடுப்பார்கள், சும்மா வந்து கொங்கிறீற்றுக் குழைத்துக் கொடுப்பார்கள். சந்தியில் நிற்கும் சிங்களப் பொலிஸ்காரருக்குக்கூட அந்த ஒரு தமிழ்ச் சொல் பாடமாகியிருந்தது. வாப்பா ட்ரெக்டரை நிறுத்தி, “குமர், சேர்” என்பார். அவர் பெட்டிக்குள் இருக்கும் மண்ணைப் பார்ப்பார், மட்கார்டில் இருக்கும் என்னைப் பார்ப்பார், கையைக் காட்டிப் போகச் சொல்வார். எங்கள் ஊரில் ஒருவருக்கொருவர் கொடுமை செய்து அந்தப் பாலம் போகவில்லை. எல்லாரும் எல்லாருக்கும் இரக்கப்பட்டுத்தான் போனது.

ராத்தாவின் வீடு முடிந்தது. மாப்பிள்ளை கல்முனைக்குடியிலிருந்து வந்தார். மீன் வியாபாரம். மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு, விடிய முன்னமே பாலத்தைத் தாண்டித் தன்னுடைய சொந்தக் கடற்கரைக்குப் போவார். தோணி கொண்டுவந்த மீனை எடுத்துக்கொண்டு திரும்பப் பாலத்தைத் தாண்டி எங்கள் ஊரிலும் வரிப்பத்தான்சேனைப் பக்கமும் விற்பார். கலியாணம் முடிக்க முன்னம் அவருக்குக் கடற்கரை வீட்டு வாசலில் இருந்தது.

“நான் முடிச்சது ஒண்ட ராத்தாவயா இந்தப் பாலத்தயா எண்டு தெரியல்ல மச்சி” என்பார் என்னிடம். “ஒரு நாளைக்கி இதத்தான் கூடப் பாக்கன்.”

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் வைத்து ரப்பர் ஹோனை அமுக்குவார். பாம், பாம். ஆற்றங்கரையிலிருந்து எங்கள் வளவு வரை கேட்கும். ராத்தா உடனே அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள். கொதிக்கவும் அவர் வந்து இறங்கவும் சரியாக இருக்கும்.

என் மண் கும்பிக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆள் அவர்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அதில் ஏறுவார்.

“எனக்கு ஒரு அறை தருவியா?”

“மீன் நாத்தம். ஏலா.”

“அப்ப வாசல்ல படுக்கன்.”

“வாசல்ல கோழி.”

“கோழிக்குக் குடுத்த இடம் மச்சானுக்கு இல்லயா? சரி, பாலத்துக்குக் கீழ போய்ப் படுக்கன்.”

அந்த வருடம் மாரி தொடங்க முன்னம் உம்மா வாப்பாவைப் பிடித்துக்கொண்டார். “இஞ்ச பாருங்க, பெரியவள்ற முடிஞ்சிட்டு எண்டு இருந்துராதீங்க. சின்னவள்ற கும்பிய மழ கரைச்சிக்கிட்டுப் போகுது. பாலத்தடி மண்ண இனி முழுசா நிப்பாட்டப் போறாங்களாம். இப்பவே ரெண்டு பெட்டி போட்டு வையுங்க.”

வாப்பா போனார். உதவிக்கு மச்சானும் வந்தார். நானும் மட்கார்டில் ஏறினேன். என்னுடைய வீட்டு மண் அல்லவா?

ஆறு வற்றிக் கிடந்தது. அவர்கள் இருவரும் நடுத்தூணைச் சுற்றி அள்ளினார்கள். நான் தூணின் அடிக்கட்டோடு குந்தியிருந்து விளையாடினேன். கருங்கல்லுக்குக் கீழே ஒரு இடுக்கு தெரிந்தது. கையை விட்டேன். முழங்கை வரை போனது. உள்ளே குளிர்ந்த தண்ணீர் ஓடியது. பாலத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரே சந்தோசம். அது பாலத்தின் உள்ளங்கால். விரலை அசைத்துக் கிச்சுக் காட்டினேன்.

“என்ன செய்ற மச்சி?”

“பாலத்துக்குக் கிச்சுக் காட்டுறன்.”

மச்சான் சவளை ஊன்றிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். “காட்டாத, காட்டாத. கூச்சத்தில காலத் தூக்கிரப் போகுது!”

வாப்பாவும் சிரித்துக்கொண்டே திரும்பினார். என் கை எங்கே போயிருந்தது என்று பார்த்தார். சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் தூணை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “அள்ளினது காணும், ஏறுங்க” என்று பெட்டிப் பலகையை மூடினார். பெட்டி நிரம்பியிருக்கவில்லை. ஏன் அரைப் பெட்டியோடு போகிறோம் என்று கேட்டேன். அவர் ட்ரெக்டரை ஸ்டார்ட் செய்தார். அந்த மண்ணை என் கும்பியின் மேல் கொட்டினார். இன்னொரு பெட்டிக்கு அவர் திரும்பிப் போகவில்லை.

மாரி வந்தது. ஆறு வாப்பா சொன்னது போலவே வந்தது, மண்ணைத்தான் கொண்டுவரவில்லை.

இரவெல்லாம் கொட்டிய ஒரு மழைக்குப் பிறகு விடிந்த காலை அது. மச்சான் வழக்கம் போல சுபஹுத் தொழுகைக்கு முன்னமே போயிருந்தார். போக வேண்டாம் என்று ராத்தா சொல்லியிருக்கிறாள். “மழ எண்டா சனம் சோறு தின்னாம உடுதா?” என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் குசினியில் இருந்தோம். ராத்தா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. பாலத்தின் நடுப்பகுதி உடைந்து விழுந்துவிட்டதாம். ஒருவரும் அந்தப் பக்கம் போக வேண்டாமாம்.

ராத்தா தட்டுவதை நிறுத்தினாள். “அவர் போயிட்டாரே” என்றாள். உம்மா உடனே, “அந்தப் பக்கம் சேந்திரிப்பாரு புள்ள. கடற்கரையில நிப்பாரு” என்றார். ராத்தா அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள். அது கொதித்து, வற்றி, சட்டி கருகிய வாசம் வந்த பிறகுதான் உம்மா எழும்பிப் போய் இறக்கினார்.

அவரைக் கண்டெடுத்தது பாலத்தடி வயல்காரர். ஆறு திரும்பும் இடத்தில், அக்கரைச் சம்புப் புல்லுக்குள். தன் தோளில் போட்டிருந்த துண்டால் மச்சானின் முகத்தை மூடிவிட்டு, எங்கள் முறை எப்படியோ என்று உடலைத் தொடாமல், நாய் அண்டாமல் மழைக்குள் காவல் நின்றிருக்கிறார். வாப்பாவும் ஊர் ஆட்களும் தோணியில் போய்ச் சேர்ந்தபோது அவர் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

“காக்கா, நான் பகிடிக்குத்தான் சொன்னன். பகிடிக்குத்தான் காக்கா.”

அன்றே ஜனாஸா அடக்கினார்கள். மச்சானின் வாப்பாவும் தோணியில்தான் வந்தார். எங்கள் வாப்பா முற்றத்தில் அவருக்கு முன்னால் போய்த் தலையைக் குனிந்து நின்றார். அடிக்கட்டும் என்று நின்றது போல இருந்தது. அந்த மனிதர் அடிக்கவில்லை. கட்டிப் பிடித்தார். “நீங்க என்ன செய்வீங்க? அவன்ட ஹயாத்து அவ்வளவுதான்” என்றார். வந்த எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அல்லாஹ்வின் நாட்டம், எழுதினபடி, பொறுத்துக்கொள்ளுங்கள். யாரும் பாலத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் அவரவர் வளவு மூலையைப் பற்றியும் பேச வேண்டி வந்திருக்கும்.

ராத்தா இத்தா இருந்தாள். புருசன் மௌத்தான பெண் நாலு மாதத்துக்கும் மேலே வெளியே போகாமல் வீட்டுக்குள் இருப்பது. அவள் இருந்தது அவருக்காகக் கட்டிய அந்தப் புது வீட்டின் உள் அறையில். நான்தான் சோறு கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு நாள் உம்மாவும் நானும் போனபோது அவள் சுவரில் கன்னத்தை வைத்தபடி இருந்தாள்.

“இந்தச் செவருல ஆத்து வாசம் வருது உம்மா.”

“புதுச் சுண்ணாம்பு வாசம் புள்ள அது.”

“இல்ல. ஆத்து வாசம்.”

நான் போய்ச் சுவரை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

பிறகு பழைய பாலத்துக்குப் பக்கத்தில் இரும்புப் பாலம் ஒன்று போட்டார்கள். வண்டி ஏறினால் ஊர் முழுக்கக் கேட்கும். அதன் பிறகு இந்தப் புதுப் பாலம் வந்தது. அகலமான பாலம், இரண்டு பக்கமும் விளக்கு. யாரும் யாருக்கும் வழி விட வேண்டியதில்லை. நான் தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். கரையில் மண் அள்ளக் கூடாது என்று மூன்று மொழியில் பலகை நிற்கிறது. குமர் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் குமர்கள் இருக்கிறார்கள், வீடுகளும் எழும்புகின்றன. மண் இப்போது டிப்பரில் வேறெங்கோ இருந்து வருகிறது. எந்த ஊர்ப் பாலத்தடியிலிருந்தோ, யார் கண்டது? என் வீடும் அப்படி வந்த மண்ணில்தான் எழும்பியது. ராத்தா அதே வீட்டில்தான் இருக்கிறாள். பிறகு வந்த சம்பந்தம் எதற்கும் அவள் ஓம் சொல்லவில்லை. உடைந்த பாலத்தின் நடுத்தூண் இன்னும் ஆற்றுக்குள் சரிந்து நிற்கிறது. புதுப் பாலத்தில் போகும்போது நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. என் மண் கும்பி போன கதையைத்தான்.

மச்சானை அடக்கிய பிறகு, மழை விட்டு, ஆறு வடியத் தொடங்கிய ஒரு பகல். மரைக்காயர்மார் வாப்பாவைப் பார்க்க வந்திருந்தார்கள். வாப்பா அப்போதெல்லாம் முற்றத்துக் கதிரையில் இருந்து என் கும்பியையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர்களில் ஒருவர் நல்ல மனிதர். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்.

“பாலத்த கவர்மெண்டு கட்டித் தரும். மண்ணப் பத்தியும் கவலப்படாதீங்க. சின்னவள்ற காரியத்துக்கு வேணும் எண்டா அள்ளிக்கலாம். மாரி ஓஞ்சா ஆறு கொண்டாந்து போட்டுரும்தானே?”

வாப்பா எழும்பினார். வந்தவர்களைப் பார்க்கவில்லை. சவளை எடுத்தார். ட்ரெக்டரைப் பின்னுக்கு எடுத்துக் கும்பியோடு ஒட்டி நிறுத்தினார். அள்ளத் தொடங்கினார். என் குசினி போனது, முன் அறை போனது. நான் ஓடிப்போய் அவருடைய காலைக் கட்டிக்கொண்டேன். “வாப்பா, அது என்ட ஊடு!” உம்மா வாசலில் நின்று, “இஞ்ச பாருங்க, என்ன செய்றீங்க?” என்று கேட்டார். மரைக்காயர்மார் கதிரைகளை விட்டு எழும்பி நின்றார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை.

அழுதுகொண்டே மட்கார்டில் ஏறிக்கொண்டேன். என் மண்ணை விட்டுவிட்டு நான் வீட்டில் இருப்பேனா? ரோடு முழுக்க, “என்ட ஊட்டக் கொண்டு போறாரு!” என்று கத்திக்கொண்டு போனேன். கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சந்தியில் பொலிஸ்காரர் வழக்கம் போலக் கையைக் காட்டினார்.

உடைந்த பாலத்தின் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் வாப்பா ட்ரெக்டரை நிறுத்தினார். பெட்டிக்குள் ஏறி, பாலத்துச் சுவருக்கு மேலால் நடுத்தூண் பக்கம் மண்ணை வீசத் தொடங்கினார். ஒரு சவள் விழும், தண்ணீர் ஒரு கணம் மஞ்சளாகும், பிறகு பழையபடி கறுப்பாக ஓடும். அடுத்த சவள். அவருடைய வாய் ஏதோ முணுமுணுத்தது. ஓதுகிறாரா எண்ணுகிறாரா என்று தெரியவில்லை. நான் அவருடைய முதுகில் இரண்டு கையாலும் குத்தினேன். நான் என்ன பிழை செய்தேன், ராத்தாவுக்கு மட்டும் வீடு, எனக்கு ஏன் இல்லை என்று கேட்டுக் கேட்டுக் குத்தினேன். அவர் திரும்பவில்லை. அக்கரை வரம்பில் வயல்காரர் நின்றார்.

சவளில் வராத மண்ணை வாப்பா குந்தியிருந்து கையால் கூட்டி அள்ளினார். பெட்டியின் மூலைகளை விரலால் வழித்தார். சாரன் மடிப்பை உதறினார். பிறகு என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரோரம் போய், ஆற்றுக்கு மேலே என் கால் இரண்டையும் நீட்டிப் பிடித்தார். காலில் மண்ணோடு போனால் உம்மா ஏசுவார் என்றுதான் செய்கிறார் என்று நினைத்தேன். என் பாதங்களில் ஒட்டியிருந்த மண்ணை விரலுக்கு விரல் தடவி எடுத்து, ஒரு மணி விடாமல், தண்ணீருக்குள் தட்டிவிட்டார்.